இம்யூனோதெரபிக்குப் பிறகு இமை சரிந்தால் இதயத்தைப் பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இது: அப்பாவுக்கு 62 வயது, எடை 60 கிலோ. நுரையீரல் புற்றுநோய்க்குப் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து மூன்று வார இடைவெளியில் இரண்டு டோஸ் ஏற்றியாகிவிட்டது. இரண்டாவது டோஸ் முடிந்த பத்தாம் நாள் வலது கண் இமை பாதி மூடிக்கொண்டது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நெஞ்சு வலி இல்லை. எக்கோ நார்மல், ஆனால் இதயத்தசை அடிபட்டால் இரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதம் பல மடங்கு கூடியிருக்கிறது. ஐசியுவில் சேர்த்துத் தினமும் ஒரு கிராம் ஸ்டீராய்டு ஏற்ற வேண்டும் என்கிறார்கள். எக்கோ நன்றாக இருக்கும்போது இவ்வளவு பெரிய டோஸ் எதற்கு? ஸ்டீராய்டு கொடுத்தால் புற்றுநோய் மருந்தின் பலன் போய்விடாதா?

அவசியம், அதுவும் இன்றே அவசியம். இரண்டு நாள் பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு அழைத்துப் போய்விடாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் விவரங்கள் இம்யூனோதெரபியால் வரும் இதயத்தசை அழற்சிக்கு, அதாவது மயோகார்டைட்டிஸுக்கு, அப்படியே பொருந்துகின்றன. முதல் டோஸிலிருந்து கணக்கிட்டால் அப்பாவுக்கு இது ஏறக்குறைய 31ஆம் நாள். பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வில், இந்த அழற்சி தலைகாட்டிய நடுமதிப்பு நாள் 34. பத்தில் எட்டுப் பேருக்கு முதல் மூன்று மாதத்துக்குள் வந்துவிட்டது.

நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. 2020இல் வந்த பல மருத்துவமனைகளின் கூட்டு ஆய்வில் 126 நோயாளிகளைப் பார்த்தார்கள். மருத்துவமனையில் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்கியவர்களில் 7 சதவீதம் பேருக்குத்தான் பெரிய இதயச் சிக்கல் நேர்ந்தது. இரண்டாம், மூன்றாம் நாளில் தொடங்கியவர்களில் 34 சதவீதம் பேருக்கு. மூன்று நாள் தாண்டியவர்களில் 85 சதவீதம் பேருக்கு. பெரிய சிக்கல் என்று அவர்கள் எண்ணியவை இதயத்தால் மரணம், இதயம் நின்றுபோதல், இரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலைக்குப் போவது, மேல் கீழ் அறைகளுக்கு இடையே மின்தொடர்பு முழுவதும் அறுந்துபோவது. பழைய கேஸ் ஷீட்டுகளைத் திரும்பிப் பார்த்துச் செய்த ஆய்வு என்பதால் எண்களை அட்சரம் பிசகாமல் நம்ப வேண்டியதில்லை. ஆனால் வித்தியாசத்தின் அளவைப் பாருங்கள். டோஸிலும் இதே கதைதான். மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை 500 மி.கி.க்கு மேல் தொடங்கியவர்கள், 60 மி.கி.க்குக் கீழே தொடங்கியவர்களைவிட வெகு நன்றாக மீண்டார்கள். உங்கள் டாக்டர் ஒரு கிராம் என்று சொன்னதற்கு இதுதான் அடிப்படை. அவர் பதற்றப்படவில்லை, சரியாகச் செய்கிறார்.

இனி, இது ஏன் வருகிறது. பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப், அடிசோலிசுமாப், துர்வாலுமாப், இபிலிமுமாப் இவையெல்லாம் கீமோ இல்லை. புற்றுநோய் செல்லை இவை நேரடியாகத் தொடுவதே இல்லை. நம் உடலின் டி செல்களுக்கு, அதாவது நோயை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளணுக்களுக்கு, பிடி-1, சிடிஎல்ஏ-4 என்று பிரேக்குகள் உண்டு. புற்றுநோய்க் கட்டி அந்தப் பிரேக்கை மிதித்துக்கொண்டேதான் தப்பித்துக்கொண்டிருக்கும். இந்த மருந்துகள் கட்டியின் காலைப் பிரேக்கிலிருந்து எடுத்துவிடுகின்றன. இந்தக் கண்டுபிடிப்புக்காகத்தான் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018இல் நோபெல் பரிசு கிடைத்தது. பிரேக் இல்லாத டி செல் கட்டியை மட்டும் அடித்தால் நல்லது. சிலருக்கு அது தோலை, குடலை, தைராய்டை, கல்லீரலை, நுரையீரலை அடிக்கும். வெகு சிலருக்கு இதயத்தை.

இதயம் அடிபடலாம் என்பதற்கு அறிகுறி முன்பே இருந்தது. ஹோஞ்சோவின் குழு பிடி-1 மரபணுவை நீக்கி வளர்த்த எலிகளில் ஒரு வகைக்கு இதயம் வீங்கிப் பலவீனமாகிச் செத்துப்போவதை 2001இலேயே எழுதிவிட்டார்கள். மருந்து சந்தைக்கு வந்த பிறகு, 2016இல், அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்த இரண்டு நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதினார்கள். இருவருக்கும் இபிலிமுமாபும் நிவோலுமாபும் சேர்த்து ஒரே ஒரு டோஸ்தான் போட்டிருந்தது. இரண்டு வாரம் ஆவதற்குள் ஒருவரும், இரண்டு வாரத்தை ஒட்டி இன்னொருவரும் மருத்துவமனைக்கு வந்தார்கள், இருவரையும் காப்பாற்ற முடியவில்லை. பிரேதப் பரிசோதனையில் இதயத்தசையிலும் கை கால் தசையிலும் டி செல்கள் அப்பிக் கிடந்தன. கட்டிக்குள் இருந்த அதே வம்சத்து டி செல்கள் இதயத்துக்குள்ளும் இருந்தன. அதே குழுவினர் பின்னர் எலிகளில் ஆராய்ந்து, இந்த டி செல்கள் குறிவைப்பது ஆல்பா மயோசின் என்ற இதயப் புரதத்தை என்று 2022இல் காட்டினார்கள். டி செல்களுக்குத் தைமஸ் சுரப்பிதான் பயிற்சிக்கூடம். நம் உடலின் புரதங்களை அங்கே காட்டி, அவற்றை எதிர்க்கிற செல்களைக் கழித்துக்கட்டிவிடுவார்கள். ஆல்பா மயோசினை அங்கே காட்டுவதே இல்லை. அதனால் அதை எதிர்க்கிற செல்கள் கழியாமல் வெளியே வந்து, பிரேக்கின் தயவில் சும்மா இருக்கின்றன. நாம் பிரேக்கை எடுத்துவிடுகிறோம். தைமஸிலேயே கட்டி உள்ளவர்களுக்கு, அதாவது தைமோமா நோயாளிகளுக்கு, இந்த அழற்சி மற்றவர்களைவிட மிக அதிகமாக வருவதற்கும் இந்தப் பயிற்சிக்கூடம் கெட்டிருப்பதே காரணம் என்று கருதப்படுகிறது.

எத்தனை பேருக்கு வரும்? தயாரிப்பு நிறுவனத்தின் தரவில் நிவோலுமாப் மட்டும் போட்டவர்களில் 0.06 சதவீதம், இரண்டு மருந்தும் சேர்த்துப் போட்டவர்களில் 0.27 சதவீதம் என்று கணக்கு வந்தது. தேடிப் பார்த்த மருத்துவமனைகளில் ஒரு சதவீதத்தை ஒட்டி வந்தது. அபூர்வம்தான். ஆனால் இம்யூனோதெரபியின் பக்கவிளைவுகளில், வந்தவர்களில் அதிக விகிதத்தினரின் உயிரைக் குடிப்பது இதுவே. உலக சுகாதார நிறுவனத்தின் தரவுக் களஞ்சியத்தில் 2018 வரை பதிவான 131 பேரில் 52 பேர் இறந்துபோயிருந்தார்கள். கடுமையானவையே அதிகம் பதிவாகும் களஞ்சியம் அது என்பதையும், இன்று சீக்கிரம் கண்டுபிடிக்கிறோம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இமைக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கேள்வியின் உயிர்நாடி அதுதான். இதயத்தசையைத் தாக்கும் அதே டி செல்கள் எலும்புத்தசையையும் தாக்குகின்றன. அது மயோசைட்டிஸ். நரம்பும் தசையும் சந்திக்கும் இடம் கெட்டுப்போனால் மயஸ்தீனியா. இந்த மூன்றும் கைகோத்துக்கொண்டு வருவது உண்டு. அதில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் இமைதான். காலையில் சரியாக இருக்கும் இமை மாலையில் சரியும். டிவியில் ஒரு முகம் இரண்டாகத் தெரியும். சாதம் தொண்டையில் நிற்கும், தண்ணீர் மூக்கு வழியாக வரும். பேச்சு மூக்கால் பேசுவதுபோல் ஆகும். கழுத்துத் தசை சோர்ந்து, உட்கார்ந்திருப்பவர் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டே இருப்பார். வீட்டில் இருப்பவர்கள் அதைக் கவலையில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பதாக நினைத்துவிடுவார்கள். தோளும் தொடையும் வலிக்கும், தரையிலிருந்து எழ முடியாது. இவற்றில் எதுவும் நெஞ்சு வலி இல்லை, அதனால்தான் தப்பிவிடுகிறது. இமை சரிந்தவர் கண் டாக்டரிடம் போகிறார், தோள் வலிக்கிறவர் எலும்பு டாக்டரிடம் போகிறார், மூச்சு வாங்குகிறவரிடம் நுரையீரல் கட்டியால்தான் என்று சொல்லிவிடுகிறார்கள். மூன்று நாள் இப்படியே ஓடிவிடுகிறது. மேலே சொன்ன 85 சதவீதக் கணக்கில் அந்த மூன்று நாளை வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, இது உயிருக்கே ஆபத்து. மூச்சு விடும் உதரவிதானமும் ஒரு தசைதான். இந்த நோயில் இறப்பவர்களில் பலர் இதயம் நின்று மட்டும் இறப்பதில்லை, மூச்சுத்தசை களைத்தும் இறக்கிறார்கள். விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 97, 98 என்று காட்டிக்கொண்டே இருக்கும்போது இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டிருக்கும். படுக்கையருகே செய்யக்கூடிய எளிய சோதனை உண்டு. நன்றாக மூச்சை இழுக்கச் சொல்லி, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நிதானமாக எண்ணச் சொல்லுங்கள். நல்ல உடல்நிலையில் முப்பதைத் தாண்டுவார்கள். இருபதைத் தொட முடியவில்லை என்றாலோ, காலையில் 28 வரை போனவர் மாலையில் 17இல் நின்றாலோ, அடுத்த ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் நர்ஸைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நுரையீரல் கட்டி உள்ளவருக்குத் தொடக்க எண்ணே குறைவாக இருக்கலாம். அதனால் எண்ணைவிட அது இறங்குகிறதா என்பதே முக்கியம். முறையான அளவு, ஒரே மூச்சில் எவ்வளவு காற்றை ஊதி வெளியேற்ற முடிகிறது என்று பார்க்கும் ஸ்பைரோமெட்ரியில் வரும். எடையில் கிலோவுக்கு 20 மி.லி.க்குக் கீழே போனால், அப்பாவின் எடைக்கு 1,200 மி.லி., வென்டிலேட்டர் தயார் நிலையில் இருக்க வேண்டும்.

எக்கோவுக்கு வருகிறேன். எக்கோ பார்ப்பது இதயம் எவ்வளவு வலுவாகப் பம்ப் செய்கிறது என்பதை. இந்த நோயில் பாதிப் பேருக்குப் பம்ப் நார்மலாகவே இருக்கும். அந்த பாஸ்டன் ஆய்வில் 51 சதவீதம் பேருக்கு எக்கோவில் பம்ப் அளவு நார்மல், பெரிய சிக்கல்களிலும் 38 சதவீதம் பம்ப் அளவு நார்மலாக இருந்தவர்களுக்குத்தான் நேர்ந்தது. காரணம் எளிது. டி செல்கள் தசையை மட்டுமல்ல, இதயத்தின் மின்பாதையையும் அரிக்கின்றன. பம்ப் நன்றாக இருக்கும்போதே மின்தொடர்பு அறுந்து துடிப்பு நிமிடத்துக்கு முப்பதாக இறங்கலாம், அல்லது கீழறை தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கலாம். எக்கோ அறிக்கையில் ‘நார்மல்’ என்று போட்டிருப்பதை மட்டும் வைத்து இந்த நோய் இல்லை என்று எவரும் சொல்லக் கூடாது.

நம்ப வேண்டியவை ட்ரோபோனினும் ஈசிஜியும். இரண்டுமே சின்ன ஊர் மருத்துவமனையில்கூட அரை மணியில் கிடைப்பவை, ட்ரோபோனினுக்கு வெறும் வயிறு தேவையில்லை. அந்த ஆய்வில் 94 சதவீதம் பேருக்கு ட்ரோபோனின் கூடியிருந்தது, 89 சதவீதம் பேருக்கு ஈசிஜியில் மாற்றம் இருந்தது.

ட்ரோபோனின் அறிக்கையில் இரண்டு இடங்களில் குழப்பம் வரும். ஒன்று அலகு. சில லேபில் மி.லி.க்கு நானோகிராம், சில லேபில் லிட்டருக்கு நானோகிராம். 0.04 என்பதும் 40 என்பதும் ஒரே அளவுதான். முதல் லேபில் 0.9, அடுத்த லேபில் 450 என்று வந்தால் ஏறிவிட்டது என்று அலற வேண்டாம், இரண்டும் ஒரே வகைச் சோதனை என்றால் பாதியாக இறங்கியிருக்கிறது. இரண்டாவது வகை. ட்ரோபோனின் டி, ட்ரோபோனின் ஐ என்று இரண்டு உண்டு. எலும்புத்தசை அடிபட்டாலும் டி கூடிவிடும், ஐ பெரும்பாலும் இதயத்தை மட்டுமே காட்டும். அப்பாவுக்கு இமை சரிவு இருப்பதால் மயோசைட்டிஸும் சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. ஆகவே இரண்டையும் பார்ப்பது நல்லது, கூடவே சிபிகே என்கிற கிரியேட்டின் கைனேஸ். அது ஆயிரக்கணக்கில் இருந்தால் எலும்புத்தசையும் எரிகிறது. பிறகு தினமும் ஒப்பிடும்போது ஒரே லேபில், ஒரே வகையை ஒப்பிடுங்கள். டி ஒரு நாள், ஐ மறுநாள் என்று கலந்தால் மருந்து கேட்கிறதா இல்லையா என்பதே தெரியாமல் போய்விடும்.

ஈசிஜியில் பிஆர் இடைவெளியை மட்டுமாவது தினமும் கேட்டுக் குறித்துவையுங்கள். அந்த இளஞ்சிவப்புக் கட்டத் தாளில் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லி செகண்டு. மேலறைத் துடிப்பின் சின்ன மேடு தொடங்கும் இடத்திலிருந்து பெரிய ஊசிமுனை தொடங்கும் இடம் வரை மூன்று முதல் ஐந்து சின்னக் கட்டம் இருந்தால் நார்மல். இம்யூனோதெரபிக்கு முன் எடுத்த பழைய ஈசிஜியில் நான்கு கட்டம், இன்று ஆறு கட்டம் என்றால், மின்பாதை வீங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அடுத்த சில மணி நேரத்தில் முழுத் தடையாக மாறலாம். இப்படிப்பட்டவரை வார்டில் படுக்க வைக்கக் கூடாது. மானிட்டர் ஓடிக்கொண்டே இருக்கும் படுக்கை, கைக்கெட்டும் தூரத்தில் தற்காலிக பேஸ்மேக்கர், இதுதான் ஐசியு கேட்பதற்குக் காரணம். பழைய ஈசிஜி கையில் இல்லாவிட்டால் இந்த ஒப்பீடே நடக்காது. அதனால்தான் முதல் டோஸுக்கு முன்பே எல்லாருக்கும் ஈசிஜி, ட்ரோபோனின் எடுத்துவைக்க வேண்டும் என்று ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2022 வழிகாட்டி சொல்கிறது. இரண்டாம், மூன்றாம், நான்காம் டோஸுக்கு முன்பும் எடுப்பது நல்லது என்கிறது. ஒரு டோஸ் பெம்ப்ரோலிசுமாபின் விலைக்கு முன்னால் இந்த இரண்டு சோதனைகளின் செலவு ஒன்றுமே இல்லை. இது இன்னும் எல்லா இடத்திலும் வழக்கமாகவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம்.

ஆஞ்சியோ எதற்கு என்று கேட்பீர்கள். 62 வயதில் ட்ரோபோனின் கூடினால் மாரடைப்பு இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும், இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு. மாரடைப்பு என்று நினைத்து இரத்தம் உறையாத மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவதும் நடக்கிறது. எம்ஆர்ஐ நல்ல சோதனை, ஆனால் சீக்கிரம் எடுத்தால் ஏமாற்றும். ஒரு ஆய்வில் முதல் நான்கு நாளுக்குள் எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் அடிபட்ட தசை படத்தில் பிரகாசமாகத் தெரிந்தது, அதற்குப் பிறகு எடுத்தவர்களில் பத்தில் ஏழு பேருக்குத் தெரிந்தது. தவிர, மூச்சு வாங்குகிறவர் அந்தக் குழாய்க்குள் முக்கால் மணி நேரம் மட்டமாகப் படுத்து, சொல்லும்போதெல்லாம் மூச்சை அடக்க வேண்டும். முடியாதவரை வற்புறுத்த வேண்டாம். சந்தேகம் தீராவிட்டால் கழுத்து இரத்தக்குழாய் வழியாக இதயத்தின் வலது அறையிலிருந்து ஐந்தாறு துணுக்குத் தசை எடுத்துப் பார்ப்பது உண்டு. அழற்சி திட்டுத் திட்டாக இருப்பதால் ஒன்றிரண்டு துணுக்கு போதாது. இவற்றில் எதற்காகவும் முதல் ஸ்டீராய்டு டோஸ் காத்திருக்கக் கூடாது. சந்தேகம் வலுவாக இருந்தால் முதலில் மருந்து, பிறகு படம்.

மருந்து எப்படிப் போகும்? மெத்தில்பிரெட்னிசோலோன் 500 மி.கி. முதல் 1 கிராம் வரை, சலைனில் கலந்து சுமார் ஒரு மணி நேரத்தில் டிரிப்பாக, மூன்று நாள். அவசரத்தில் பத்து நிமிடத்துக்குள் தள்ளிவிட்டால் அதுவே துடிப்பைக் குலைக்கும். பொட்டாசியம் தினமும் பார்க்க வேண்டும். சர்க்கரை இல்லாதவருக்கும் 300, 400 என்று ஏறலாம், இன்சுலின் போட்டுச் சமாளிப்பார்கள். ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர் என்றால் நான்கு வேளையும் குத்திப் பார்க்கத்தான் வேண்டும். முதல் ஸ்டீராய்டு டோஸுக்கு முன் இரத்தம் எடுத்து மஞ்சள் காமாலை பி வைரஸ், காசநோய்ச் சோதனைக்கு அனுப்பிவிடுங்கள். அப்பாவுக்கு முன்பு காசநோய் வந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். நம் ஊரில் வயலிலும் மண்ணிலும் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு ஸ்ட்ராஞ்சிலாய்டிஸ் என்ற குடற்புழு வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கலாம், பெரிய டோஸ் ஸ்டீராய்டில் அது உடல் முழுக்கப் பரவலாம். ஐவர்மெக்டின் கொடுத்துவிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். முடிவுகள் வரும்வரை ஸ்டீராய்டை நிறுத்திவைக்க வேண்டாம்.

மயஸ்தீனியா சந்தேகம் இருக்கும்வரை சில மருந்துகள் தொடக் கூடாதவை. மூச்சு வாங்குகிறது என்றதும் நுரையீரல் தொற்றாக இருக்கும் என்று எழுதப்படும் அசித்ரோமைசின், லீவோஃப்ளாக்சசின் இரண்டுமே மயஸ்தீனியாவை முறுக்கிவிடும். டிரிப்பில் ஏற்றும் மெக்னீசியமும் அப்படியே. துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் இமைக்கும் ஆகாது, நீண்டுபோன பிஆருக்கும் ஆகாது. மயஸ்தீனியாவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் பைரிடோஸ்டிக்மினும் துடிப்பைக் குறைக்கும், எனவே இதயத்துக்குப் பாதுகாப்பு இல்லாமல் தொடங்கக் கூடாது. கொழுப்புக்கு ஸ்டாடின் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தசை ஆறும்வரை நிறுத்திவைப்பார்கள். பெரிய டோஸ் ஸ்டீராய்டே முதல் சில நாளில் மயஸ்தீனியாவைச் சற்று மோசமாக்கலாம். அதனால்தான் பலருக்கு இம்யூனோகுளோபுலினையும் சேர்த்து, கிலோவுக்கு மொத்தம் 2 கிராம் என்று ஐந்து நாளில் பிரித்து ஏற்றுகிறார்கள். நரம்பியல் டாக்டர் முதல் நாளிலேயே வந்து பார்ப்பது நல்லது.

மூன்று நாள் முடிவில் ட்ரோபோனின் உச்சத்திலிருந்து பாதிக்கும் கீழே இறங்கியிருக்க வேண்டும், துடிப்புக் கோளாறும் அடங்கியிருக்க வேண்டும். அடங்கினால் மாத்திரைக்கு மாறுவார்கள். பிரெட்னிசோலோன் கிலோவுக்கு 1 மி.கி., அப்பாவுக்கு 60 மி.கி. வாரம் 10 மி.கி.யாகக் குறைத்து 20க்கு வந்ததும் மறுபடி எக்கோ, ட்ரோபோனின். அங்கிருந்து வாரம் 5 மி.கி.யாக 5 வரை, பிறகு வாரம் 1 மி.கி. மொத்தம் பன்னிரண்டு வாரம் ஆகும். ஒவ்வொரு படியிலும் ட்ரோபோனினும் ஈசிஜியும் பார்த்துவிட்டே அடுத்த படி இறங்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு அழற்சி திரும்புவது பெரும்பாலும் இந்தப் படிகளில்தான். முகம் வீங்குகிறது, தூக்கம் வரவில்லை என்று நோயாளியே இரண்டு படி தாண்டிக் குறைத்துவிடுவார், ஊர்ப் பக்கத்து மருந்துக் கடையில் மாத்திரை தீர்ந்துபோயிருக்கும். ஒரு வாரத்துக்கு மிச்சம் வைத்தே வாங்குங்கள். திடீரென்று நிறுத்தினால் உடலின் சொந்த ஸ்டீராய்டு சுரப்பி தூங்கிக்கொண்டிருப்பதால் இரத்த அழுத்தம் படுத்துவிடும். 20 மி.கி.யும் அதற்கு மேலும் நான்கு வாரத்துக்குக் குறையாமல் போகும் என்பதால், நுரையீரலில் வரும் ஒரு பூஞ்சைத் தொற்றைத் தடுக்க கோட்ரைமாக்சசோலும், எலும்புக்குக் கால்சியமும், வயிற்றுக்கு ஒரு மாத்திரையும் கூட வரும்.

ட்ரோபோனின் இறங்கவில்லை என்றால்? ஸ்டீராய்டையே இன்னும் ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பது தவறு, அடுத்த மருந்தை உடனே சேர்க்க வேண்டும். இப்போது அதிகம் பேசப்படுவது அபடாசெப்ட். மூட்டுவாதத்துக்கு வந்த மருந்து, டி செல்லின் பிரேக்கை மறுபடி மிதிக்கும் மருந்து என்று சொல்லலாம். பாரிஸின் பிட்டியே சால்பெத்ரியேர் மருத்துவமனைக் குழு 2019இல் ஒரு நோயாளியை இதனால் மீட்டதாக எழுதியது. 2023இல் அதே குழு 40 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டது. கிலோவுக்கு 20 மி.கி. என்ற பெரிய டோஸ், அது வேலை செய்யும்வரை தாங்க ருக்ஸோலிடினிப் மாத்திரை, எல்லாருக்கும் மூச்சுத்தசைச் சோதனை. இந்த முறைக்கு வருவதற்கு முந்தைய பத்துப் பேரில் தசை அழற்சியால் ஆறு பேரை இழந்திருந்தார்கள், பிந்தைய முப்பது பேரில் ஒருவரை மட்டுமே. சிறிய ஆய்வு, குலுக்கல் முறை ஒப்பீடு இல்லை, ஆனாலும் மூச்சுத்தசையைக் கவனித்தாலே எத்தனை உயிர் தப்பும் என்பதை அது காட்டுகிறது. மைக்கோஃபீனோலேட், ஏடிஜி போன்ற, நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளும் பயன்பாட்டில் உண்டு. குடல் அழற்சிக்குக் கொடுக்கும் இன்ஃப்ளிக்சிமாபை மட்டும் இதயம் பலவீனமானவருக்குக் கொடுக்கக் கூடாது, அது இதயச் செயலிழப்பைக் கூட்டும். அபடாசெப்ட் 250 மி.கி. குப்பியாக வரும், அப்பாவின் எடைக்கு அந்தப் பெரிய டோஸ் என்றால் ஐந்து குப்பி. எல்லா மருத்துவமனை ஃபார்மசியிலும் இருப்பு இருக்காது. தேவைப்படுமா என்று முதல் நாளே கேட்டு, எங்கே கிடைக்கும் என்று விசாரித்துவைப்பது உங்களால் செய்யக்கூடிய உருப்படியான உதவி.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, புற்றுநோய் என்னாகும்? இந்த அழற்சி உறுதியானால் பெம்ப்ரோலிசுமாப் மட்டுமல்ல, அந்தக் குடும்பத்து எந்த மருந்தையும் பொதுவாக மறுபடி தொடங்க மாட்டார்கள். ட்ரோபோனின் லேசாகக் கூடி வேறு எதுவும் இல்லாதவர்களுக்கு மட்டும் புற்றுநோய் டாக்டரும் இதய டாக்டரும் சேர்ந்து உட்கார்ந்து யோசிப்பதுண்டு. அப்பா அந்தப் பிரிவில் இல்லை. ஆனால் மருந்தை நிறுத்தியதும் பலன் அன்றே அறுந்துவிடாது. பெம்ப்ரோலிசுமாபின் பாதி உடலை விட்டு வெளியேறவே மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். டி செல்லின் மேல் அது ஒட்டியிருப்பது அதைவிட நீளும். பக்கவிளைவால் பாதியில் நிறுத்தியவர்களிலும் கட்டி மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், அடங்கியே இருந்திருக்கிறது. பெரிய டோஸ் ஸ்டீராய்டு அந்தப் பலனைக் கொஞ்சம் குறைக்கலாம் என்ற கவலை நியாயமானது, ஆனால் எடைபோட வேண்டியது எதை எதோடு என்று பாருங்கள். கட்டிக்கு கீமோ, கதிர்வீச்சு, மரபணு மாற்றம் இருந்தால் அதற்கான மாத்திரை என்று இன்னும் வழிகள் உண்டு. இதயத்துக்கு இந்த வாரம் மட்டும்தான் இருக்கிறது. மருந்து உடலில் நீண்ட நாள் தங்கும் இதே குணம்தான் அழற்சியும் வாரக்கணக்கில் இழுப்பதற்குக் காரணம். ஊசியை நிறுத்தியதால் மட்டும் அடங்காது.

நம் நாட்டுக்கே உரிய ஒன்று. தலை, கழுத்துப் புற்றுநோயில் நிவோலுமாபை வெறும் 20 மி.கி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தே நல்ல பலன் கண்டதாக மும்பை டாடா மெமோரியல் குழு 2023இல் காட்டியது. மாத்திரைக் கீமோ மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டு உயிர்வாழ்வு 16 சதவீதம், இந்தச் சிறு டோஸும் சேர்த்தவர்களில் 43 சதவீதம். விலை கட்டுப்படியாவதால் இப்போது ஏராளமானவர்களுக்கு இது கிடைக்கிறது, மிக நல்ல விஷயம். ஆனால் டோஸ் சிறியது என்பதால் இதயம் பத்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. பிடி-1 பிரேக் சிறு டோஸிலேயே முழுக்க அடைபட்டுவிடும், அதனால்தான் அந்த டோஸே வேலை செய்கிறது. சின்ன ஊர்களில் டே கேரில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வீடு திரும்புகிறவர்களுக்கும் மேலே சொன்ன அடையாளங்களைச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும்.

கடைசியாக, இப்போதே செய்ய வேண்டிய ஒரு வேலை. ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி அப்பாவின் சட்டைப் பையிலும் உங்கள் போனிலும் வையுங்கள்: ‘இம்யூனோதெரபி பெற்றவர், கீமோ மட்டும் அல்ல. மருந்து: பெம்ப்ரோலிசுமாப், கீட்ரூடா. கடைசி டோஸ் தேதி. மயோகார்டைட்டிஸ் சந்தேகம், தொடங்கிய தேதி. தற்போதைய பிரெட்னிசோலோன் டோஸ், திடீரென நிறுத்தக் கூடாது. தவிர்க்க: அசித்ரோமைசின், லீவோஃப்ளாக்சசின், மெக்னீசியம் ஊசி. மூச்சுத்திணறல், மயக்கம், படபடப்பு எதுவானாலும் உடனே ஈசிஜி, ட்ரோபோனின் ஐ.’ கீழே புற்றுநோய் டாக்டரின் எண். ராத்திரி இரண்டு மணிக்கு வேறொரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் டாக்டருக்கு, தடித்த ஃபைலைப் புரட்ட நேரம் இருக்காது, இந்த அட்டையைப் படிக்க நேரம் இருக்கும். மருந்து நின்று ஒரு வருடம் ஆனாலும் அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கடைசி ஊசிக்குப் பல மாதம் கழித்தும் இந்தப் பக்கவிளைவுகள் வந்ததுண்டு.